என் வீட்டு மொட்டைமாடியில் எடுத்த அந்தப் போட்டோவை நம்பாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பேரன் பாடிய பாட்டு, கோயில் கும்பாபிஷேகம் என்று நான் வழக்கமாகப் போடுகிற சங்கதி இல்லை. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் சீர்காழியிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவள். இப்போது அவள் மகளே பிளஸ் டூ படிக்கிறாள். "டீச்சர், உங்க வீட்டு மாடி வேலை செஞ்சாரே, அவரைத்தான் நாங்களும் பிடிச்சிருக்கோம். நீங்க அவர் பக்கத்துல நிக்கிற போட்டோவை வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல பார்த்தப்புறம்தான் எங்க வீட்டுக்காரருக்கே நம்பிக்கை வந்துச்சு. 40,000 கொடுத்துட்டோம். மூணு வாரமா ஆளைக் காணோம், உங்களுக்கு வேற நம்பர் ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் கழித்துக் கும்பகோணத்தில் இருக்கிற சித்தப்பா மகன் வீட்டிலிருந்தும் இதே கதை. அதே போட்டோ, 25,000 அட்வான்ஸ்.

அந்தப் போட்டோ பொய்யில்லை. நான்தான் நிற்கிறேன், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. வேலை முடிந்த அன்று சாயந்திரம் எடுத்தது. அதன்பிறகு இருபது நாளில் மழை வந்தது. முன்பு ஓரிடத்தில் ஒழுகிய வீடு மூன்று இடத்தில் ஒழுகியது. இதை நான் என் மகனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த இரண்டு வீட்டுப் பணமும் போயிருக்காது. அதனால்தான் இந்தப் பதிவு.

இதை எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் அண்ணன் தடுத்தார். "ஊருக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவ ஏமாந்துட்டான்னு சிரிப்பாங்கம்மா, விட்டுத் தள்ளு" என்றார். சிரிக்கட்டும். நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு வருடமும் அந்த ஆள் என் சிரிப்பைக் காட்டித்தான் தொழில் செய்திருக்கிறார். கேட்க வெட்கம், எழுதி வாங்க வெட்கம், ஏமாந்தபின் வெளியே சொல்ல வெட்கம். இந்த மூன்று வெட்கமும்தான் அவர் முதல் போடாமல் நடத்துகிற வியாபாரத்துக்கு முதல்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீடு 1998-ல் கடன் வாங்கிக் கட்டியது. மாடியில் அந்தக் கால வழக்கப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்திருக்கும். உங்கள் சார் இருந்தவரை வீட்டு வேலையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். அவர் போனபிறகு நான் மாடி ஏறுவதே அபூர்வம், முட்டி இடம் கொடுப்பதில்லை. போன வருடம் ஆவணியில் படுக்கையறைக் கூரையில் ஈரம் தெரிந்தது. கடைத்தெருவில் யாரிடமோ சொன்னேன். மறுநாள் காலை காபி குடிக்கும்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது.

"டீச்சர், என்னைத் தெரியலையா? 94-ல உங்ககிட்ட அஞ்சாவது படிச்சேன்" என்றார் வந்தவர்.

பிள்ளைகளே, ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய லஞ்சம் உலகத்தில் கிடையாது. முகம் ஞாபகம் வரவில்லை. வரவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். அந்தப் பள்ளிக்கு நான் மாறுதலாகி வந்தது 1996 ஜூனில். 94-ல் நான் அந்த ஊரையே பார்த்ததில்லை. இந்தக் கழித்தல் கணக்கு எனக்கு உறைத்தது பணம் எல்லாம் போனபிறகு.

என்னிடம் படித்தேன் என்று சொல்லி வருகிறவரெல்லாம் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன் என்னிடம் படித்தவன்தான். பத்து ரூபாய் ஃப்யூஸ் வாங்கினாலும் நான் கேட்காமலே பில் போடுவான். நெருக்கத்தைச் சொல்லி ஒருவர் பேச்சைத் தொடங்கினால் தப்பில்லை. அந்த நெருக்கத்தைக் காட்டியே "நமக்குள்ள எதுக்கு டீச்சர் பேப்பர்?" என்று முடித்தால் அங்கேதான் விழித்துக்கொள்ள வேண்டும். நம்ம ஊர், நம்ம ஜனம், நம்ம தெரு என்று எந்த 'நம்ம' வந்தாலும் சரிதான். உண்மையிலேயே நம்ம ஆள் என்றால் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட அவருக்கு என்ன தடை?

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒரு குச்சியால் இரண்டு தட்டுத் தட்டினார். "கம்பி துருப்பிடிச்சுப் போச்சு டீச்சர். இந்த மழை தாங்காது. படுத்திருக்கும்போது மேல விழுந்தா என்ன ஆகும்?" என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை, கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பது நிஜமான வியாதிதான். துரு ஏற ஏறக் கம்பி உப்பிக் காரையைத் தள்ளும். ஆனால் அது வந்தால் விரிசல் ஓடும், பழுப்புக் கறை இறங்கும், பொருக்குப் பொருக்காக உதிரும், கம்பியே கண்ணுக்குத் தெரியும். என் கூரையில் இதில் ஒன்றுகூட இல்லை. வெறும் ஈரம். வயதானவர் தனியாக இருக்கிற வீட்டில் முதல் பேச்சிலேயே சாவை இழுக்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பயந்துபோனவர் கணக்குப் போடமாட்டார். அது அவருக்குத் தெரியும்.

பயம் வந்த கையோடு அவசரமும் வந்தது. "சதுர அடி 110 ரூபாய் டீச்சர். திங்கட்கிழமை மெட்டீரியல் விலை ஏறுது. இன்னிக்கே சொல்லிட்டா உங்களுக்காக 90." மகனுக்குப் பெங்களூருக்கு ஃபோன் போட்டேன். அவன் மீட்டிங்கில் இருந்தான். "அம்மா, நீ டென்ஷன் ஆகாதே, அவர் நம்பர் அனுப்பு" என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் 50,000 ஜிபே செய்துவிட்டான். என் பீரோவிலிருந்து 30,000 ரொக்கம். ஆக 80,000 அட்வான்ஸ். அந்த நேரம் வரைக்கும் அவர் மாடிப்படியில் கால் வைக்கவில்லை! ஒழுகுவது மேலே, அவர் பார்த்தது கீழே. எனக்கு அது உறைக்கவே இல்லை.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பாசத்தில்தான் அனுப்புகிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் முகம் பார்க்காத ஒருவருக்கு அரை லட்சம் அனுப்பிவிட்டு "அம்மா, நீ தலையிடாதே" என்று சொல்வதால் யாருக்கு லாபம்? அந்த ஆள் என்னிடம், "தம்பிகிட்ட பேசிட்டேன்" என்பார். உன்னிடம், "அம்மா சரின்னுட்டாங்க" என்பார். நடுவில் யாரும் மாடியைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இப்போது அளவுக்கு வருகிறேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. அவர் சொன்ன அளவு 1,450 சதுர அடி. 90 வீதம் 1,30,500 ரூபாய். "கைப்பிடிச் சுவரெல்லாம் சேர்த்து டீச்சர்" என்றார், நானும் தலையாட்டினேன். முப்பது வருடத்துக்கு மேல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுற்றளவும் பரப்பளவும் சொல்லிக் கொடுத்தவள் நான். தப்பாகப் போட்டவனை முட்டி போட வைத்தவள். என் மாடி நீளம் 30 அடி, அகலம் 28 அடி. 840 சதுர அடி. சுற்றளவு 116 அடி. அவர் பேசிய வேலைப்படி சுவரின் உள்பக்கம் ஒரு அடி உயரம் ஏற்றிப் பூச வேண்டும், அது 116. மொத்தம் 956 சதுர அடி. மீதி 494 சதுர அடி எந்த வீட்டு மாடி? 90 ரூபாய் வீதம் 44,460 ரூபாய். ஒரு டேப்பும் ஒரு துண்டுக் காகிதமும் எடுக்காமல் போனதற்கு நான் கட்டிய அபராதம் இது.

கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பத்து நிமிடம் பேரம் பேசுகிறோம். அந்த அம்மா வெயிலில் உட்கார்ந்திருப்பாள், நாம் விடமாட்டோம். இஸ்திரி போட்ட சட்டையும் இரண்டு ஃபோனும் வைத்திருப்பவர் வந்து 1,450 என்றால், அளக்கலாமா என்று கேட்க நமக்குக் கூச்சம். மரியாதைக் குறைவாகிவிடுமாம். இந்தக் கூச்சத்தைப் படிப்பு வேறு கூட்டிவிடுகிறது. என் பக்கத்து வீட்டு அம்மா பள்ளிக்கூடமே போகாதவர். கக்கூஸ் தரை போட வந்தவரிடம் சிமெண்ட் மூட்டை எத்தனை என்று எண்ணி வாங்கி, காலிச் சாக்கை எண்ணித் திரும்ப வைக்கச் சொன்னார். கழற்றிய பழைய பித்தளைக் குழாய் இரண்டும் தனக்குத்தான் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார். வேலைக்கு வந்தவரும் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே எண்ணிக் காட்டினார்.

ரசீது கேட்டேன், கேட்காமலில்லை. "பில் வேணும்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் டீச்சர், உங்களுக்குத்தான் வீண் செலவு" என்றார். அடடா, நம் செலவில் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் விவரம் தெரிந்துகொண்டேன். ஜிஎஸ்டி பில் வேறு, பணம் வாங்கியதற்குச் சீட்டு வேறு. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற சிறு வேலைக்காரர் ஜிஎஸ்டி பதிவே செய்யத் தேவையில்லை. பதிவு இல்லாதவர் அந்த வரியை நம்மிடம் கேட்கவும் கூடாது. பதிவு இருந்தால் 15 இலக்கத்தில் ஓர் எண் இருக்கும், தமிழ்நாட்டில் பதிந்தது என்றால் 33-ல் தொடங்கும். அரசாங்கத்தின் ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயர் வந்துவிடும், காசு வேண்டாம். எப்படிப் பார்த்தாலும் இன்ன தேதியில், இன்ன வேலைக்கு, இவ்வளவு ரூபாய் பெற்றேன் என்று எழுதிக் கையெழுத்திட வரி ஒரு தடையே இல்லை.

எனக்குக் கிடைத்தது பளபளவென்று ஓர் அட்டை. பத்து வருட வாரண்டி என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. கதவு எண் இல்லை, தெரு இல்லை. ஒரு செல் நம்பர்தான், இப்போது அது எடுக்கப்படுவதில்லை. எதற்கு வாரண்டி, ஒழுகினால் எத்தனை நாளில் வந்து பார்ப்பார், எதுவும் அதில் இல்லை. வருடம் கூடக் கூட அட்டையை நன்றாகத் திருப்பிப் பாருங்கள்.

வேலை நடந்தது ஒன்றரை நாள். முதல் நாள் தூறல். என்னை மேலே வர வேண்டாம் என்றார்கள். "உங்களுக்கு ஏன் டீச்சர் சிரமம், போட்டோ அனுப்புறேன்." போட்டோவில் மாடி வெள்ளை வெளேரென்று இருந்தது. பாசியைச் சுரண்டவில்லை, தளம் காயவில்லை, ஈரத்தின் மேலேயே அடித்துவிட்டார்கள். அடித்ததும் ஒரே ஒரு 20 லிட்டர் வாளி, தண்ணீர் கலந்து. அந்த வாளி இன்னும் என் கொல்லையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பயன்படுகிறது. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு, எத்தனை பூச்சு என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி அது என் மாடியில் பாதிக்குக்கூடக் காணாது. ஐப்பசி மழையில் அந்தப் பூச்சு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

இன்னொன்றும் நடந்தது. வேலை முடிந்து மூன்றாம் நாள் அங்கே பூசிய இரண்டு பையன்கள் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கூலி வரவில்லையாம். "டீச்சர் இன்னும் செட்டில் பண்ணலைன்னு சொல்லிட்டாருங்க" என்றார்கள். அன்றைக்கு நான் 1,10,000 கொடுத்து முடித்திருந்தேன்! மழை கண்டபிறகு தருகிறேன் என்று மீதி 20,500-ஐ நிறுத்தி வைத்திருந்தேன், இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அதைத்தான் அவர் பையன்களிடம் அப்படித் திரித்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு "இந்தக் கொத்தனாருங்களே இப்படித்தான்" என்று கமெண்டில் எழுத வருகிறவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம். என்னை ஏமாற்றியவர் கரண்டி பிடித்தவர் இல்லை. கரண்டி பிடித்தவர்களையும் சேர்த்து ஏமாற்றியவர். என் வீட்டை மீட்டது எழுபது வயதை நெருங்கும் ஒரு கொத்தனார்தான். மழை விட்ட ஒரு காலையில் வந்தார். வந்ததும் கூரையைப் பார்க்கவில்லை. கேள்விதான் கேட்டார். "எப்ப ஒழுகுது டீச்சரம்மா? பெய்யும்போதா, விட்ட பிறகா? கோடையில அந்த இடம் காய்ஞ்சிருந்துச்சா?" கோடையிலும் ஈரம் இருந்தால் மழையைப் பழி சொல்லக் கூடாதாம், குழாயைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம். நான் யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன், பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி. முதலில் வந்தவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பட்ஜெட் எவ்வளவு டீச்சர்?"

பிறகு மாடிக்குப் போனார். என்னையும் கைப்பிடித்து ஏற்றினார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் குழாய் வாய்க்குப் போகாமல் அதற்கு ஒரு முழம் முன்னால் தேங்கி நின்றது. அங்கே தட்டோடு இறங்கியிருக்கிறது, குழாயைச் சுற்றிச் சாந்து விட்டுப்போயிருக்கிறது. "வாட்டம் போயிடுச்சு. மேல தேங்குனா கீழ ஒழுகத்தான் செய்யும். இதுக்கு எதுக்கு மாடி முழுக்க வெள்ளையடிச்சாங்க?" என்றார். அந்த இடத்துக்கு நேர் கீழேதான் என் கட்டில்.

அவரும் ஒரு சித்தாளும் மூன்று நாள் வேலை செய்தார்கள். அந்தப் பகுதியை மட்டும் பெயர்த்து வாட்டம் கொடுத்துப் பதித்தார்கள். உரிந்ததைச் சுரண்டினார்கள், தட்டோட்டு இடுக்கெல்லாம் அடைத்தார்கள், சுவரும் தளமும் சேருகிற மூலையை உருட்டிப் பூசினார்கள். ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு நனைத்தோம். பிறகு குழாய் வாயை அடைத்து மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தச் சொன்னார். கீழே ஒரு சொட்டு இல்லை என்று அவரே வந்து படுக்கையறையில் பார்த்தபிறகுதான் கடைசிக் கூலியை வாங்கிக்கொண்டார். சாமான், கூலி எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய். கணக்கைப் பீடிக்கட்டு அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நம் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரிடம் விலை கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆகக் குறைந்ததைப் பிடிக்கிறோம். அதிலும் இன்னும் குறை என்கிறோம். ஒழுங்காக வேலை செய்தால் கட்டாத விலைக்கு ஒருவர் சரி என்று தலையாட்டினால் மீதியை எதில் எடுப்பார்? வாளியில் தண்ணீர் கலந்துதான். இரண்டாமவர் ஏன் கூடக் கேட்கிறார் என்று அவரிடமே கேட்டால், எத்தனை பூச்சு, எந்தச் சாமான் என்று சொல்லுவார். அதைக் கேட்பதற்குக்கூட நமக்கு நேரமில்லை.

அட்வான்ஸ் கொடுக்காமல் வேலை நடக்காது, அது எனக்கும் தெரியும். சாமான் வாங்கப் பணம் வேண்டும் என்றால் கடைக்குக் கூடவே போய் நாமே வாங்கிக் கொடுக்கலாம், அல்லது கடைக்காரர் பெயருக்கே அனுப்பலாம். "இல்ல டீச்சர், என் கையில கொடுங்க, எனக்கு ரேட்டு குறைச்சுத் தருவாங்க" என்று பிடிவாதம் பிடித்தால் போதும், மேற்கொண்டு எந்த அடையாளமும் தேட வேண்டாம். முன்பு வேலை செய்த வீடு என்று போட்டோ காட்டினால் அந்த வீட்டுக்கே போய்ப் பாருங்கள், அதுவும் ஒரு மழைக்காலம் தாண்டிய வீடாக. என் போட்டோவைப் பார்த்தவர்கள் என்னிடம் ஒரு ஃபோன் போட்டிருந்தால் நான் மூடி மறைத்திருக்க முடியாது.

ஏற்கெனவே பணம் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு: 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் போட்டிருக்கிறேன், அதனால்தான் இங்கே பெயர் எழுதவில்லை. அங்கே என் கையில் இருக்கிற சாட்சி மகன் அனுப்பிய ஜிபே விவரமும், அந்தத் தங்க எழுத்து அட்டையும், மாடியின் போட்டோக்களும். ரொக்கமாகக் கொடுத்ததற்கு ஒரு துரும்பு கிடையாது. உங்களிடம் இருக்கிற மெசேஜ் எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள்.

அந்தப் போட்டோ யார் ஸ்டேட்டஸில் வந்தாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆள் யாரென்று ஃபோனில் கேட்டால் சொல்கிறேன். என் எண் அதே பழைய எண்தான். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், மத்தியானம் தூங்குவேன்.

சீர்காழிப் பெண்ணே, ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் மாடி எத்தனை சதுர அடி என்று அவர் சொன்ன கணக்கை எடுத்து வை. டேப் நான் கொண்டுவருகிறேன்.